‘அது உங்கள் முடிவு’ என்று அனுப்பிவிடலாமா?

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. இறுதியாண்டு மாணவி ஒருவர் என்னைத் தனியாகப் பார்க்க வந்தார். தன் புராஜெக்ட் குழுவில் உள்ள ஒருவர், செய்யாத சோதனைகளுக்கெல்லாம் அளவீடுகளை எழுதிச் சேர்த்துவிட்டார் என்றும், அறிக்கையை ஒப்படைக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்றும் சொன்னார். ‘நான் என்ன சார் பண்ணணும்?’ என்று கேட்டார். ‘அது உங்கள் முடிவு’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதினெட்டு வயது தாண்டியவர்களுக்கு நல்லது கெட்டது சொல்ல நான் யார் என்ற எண்ணம்தான் காரணம். ஆனாலும் உறுத்துகிறது. அதே வாரம் நிர்வாகத்திடமிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. எல்லா வகுப்புகளுக்கும் வாரம் ஒரு மணி நேரம் ‘அறநெறி வழிகாட்டல்’ வைக்கப் போகிறார்கள், எங்கள் துறையில் அதை நான் நடத்த வேண்டுமாம். நான் பாடம் சொல்லிக்கொடுக்கத்தானே வந்தேன்? மாணவர்களின் ஒழுக்கத்துக்கும் பல்கலைக்கழகம் பொறுப்பேற்க வேண்டுமா? ஐயா, வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பதில்: வெளிப்படையாகவே சொல்கிறேன். மாணவர் நலப் பொறுப்பிலும் ஒழுங்கு விசாரணைக் குழுக்களிலும் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். மாணவர்களின் வாழ்க்கைக்குப் பல்கலைக்கழகம் காவல்காரனாக நிற்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பது சரிதான். ஆனால் அந்தக் கொள்கையை அந்த மாணவியிடம் காட்டியிருக்க வேண்டாம். அவர் தன் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்களும் நானும் செய்கிற தொழிலைப் பற்றிக் கேட்டார்.

யாரைக் காதலிப்பது, எந்தக் கடவுளைக் கும்பிடுவது அல்லது கும்பிடாமலே இருப்பது, யாருக்கு ஓட்டுப் போடுவது என்று கேட்டு ஒரு மாணவர் வந்தால், காது கொடுத்துக் கேட்டுவிட்டு ‘அது உங்கள் முடிவு’ என்று சொல்வதுதான் மரியாதை. செய்யாத சோதனைக்கு எண் எழுதலாமா என்பது அந்த வகைக் கேள்வி இல்லை. அதற்கு நம் தொழிலில் ஐயத்துக்கு இடமில்லாத பதில் இருக்கிறது. ஒரு மருத்துவ மாணவர் ‘நோயாளியின் சம்மதம் வாங்காமல் பரிசோதனை செய்யலாமா?’ என்று கேட்டால், அதை உங்கள் மனசாட்சியிடமே கேளுங்கள் என்று எந்தப் பேராசிரியரும் சொல்ல மாட்டார். இதுவும் அப்படித்தான்.

அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள், இந்த வாரமே. ஏன் தாமதம் என்று நீட்டி விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ‘நீங்கள் கேட்டதை யோசித்தேன், உட்காருங்கள், பேசுவோம்’ என்றால் போதும். பேசவிட்டுக் கேளுங்கள். அவர் கண்ணால் பார்த்தது எது, யாரோ சொல்லிக் கேட்டது எது, தானாக ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்ல வையுங்கள். என் அனுபவத்தில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். அந்தத் தேதிகளில் லேப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா? கருவியிலிருந்து நேராக இறங்கிய கோப்பு எங்கே? அல்லது எக்செல் தாளில் கையால் அடித்த எண்கள் மட்டும்தான் இருக்கின்றனவா? அறிக்கையின் முகப்பில் இவர் பெயரும் இருக்கிறதா? இருந்தால், தெரிந்துகொண்டே பேசாமல் ஒப்படைப்பது அந்த எண்களுக்கு இவரும் கையெழுத்துப் போடுவதாகும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பயப்படுவார். பரவாயில்லை, விசாரணையில் உட்கார்ந்த பிறகு அதைத் தெரிந்துகொள்வது இதைவிடக் கொடுமை.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நல்ல மனசுக்காரர்கள் முதலில் செய்வது அதைத்தான். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றினால் பொய்யான அறிக்கைக்குத் துணைபோனவர் ஆவீர்கள், மீறினால் மாணவியின் நம்பிக்கையை உடைத்தவர் ஆவீர்கள். ‘இதைத் துறையில் யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும், எப்போது சொல்வேன் என்பதை முதலிலேயே உங்களுக்குத் தெரியப்படுத்துவேன், உங்கள் பெயரை எவ்வளவு தூரம் வெளியே விடாமல் இருக்க முடியுமோ அவ்வளவு முயல்வேன்’ என்று சொல்லுங்கள். அப்புறம் அவருக்கு முன்னால் உள்ள வழிகளைச் சொல்லுங்கள். அந்த மாணவரிடம் அவரே முதலில் பேசலாம். குழுவாக நெறியாளரிடம் போய், அந்தச் சோதனைகள் நடக்கவில்லை என்று ஒத்துக்கொண்டு அவகாசம் கேட்கலாம். இல்லையென்றால் உங்களிடமே எழுத்தில் தரலாம். மூன்றில் எது நல்லது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதையும் சொல்லுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதைச் சொல்வேன். நடுநிலை என்ற பெயரில் சொந்தக் கருத்தை விழுங்கிக்கொள்ளும் ஆசிரியரால் மாணவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்ட மாணவரை இப்போதே குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். இட்டுக்கட்டியது போலத் தெரிந்த எண்கள், வேறொரு கணினியில் சேமித்து வைத்த நிஜ அளவீடுகளாக இருந்ததைக் குழுவில் பார்த்திருக்கிறேன். ஒருவர் தரப்பைக் கேட்காமல் தண்டிப்பதும் மாணவர்களுக்கு ஒரு பாடம்தான், மோசமான பாடம். 1960இல் அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள், தங்களுக்கு உணவு பரிமாற மறுத்த ஒரு சிற்றுண்டிச்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். அதன் பிறகு அவர்களில் சிலரைக் கல்லூரி ஒரு விசாரணையும் இல்லாமல் நீக்கியது. அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்குமுன் குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும் என்று 1961இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒழுக்கத்தின் பெயரால் தன் விருப்பம்போல் நடந்துகொண்ட நிர்வாகங்களுக்கு அங்கே விழுந்த முதல் பெரிய அடி அது.

நீங்கள் ‘நான் யார்?’ என்று கேட்பதற்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி, தான் நடத்தாத உணவகங்களுக்கு மாணவர்கள் போகவே கூடாது என்று விதி போட்டது. கல்லூரிக்கு எதிர்வரிசையில் உணவகம் வைத்திருந்தவர் வழக்குப் போட்டார். 1913இல் தோற்றுப்போனார். கல்லூரி பெற்றோரின் ஸ்தானத்தில் இருக்கிறது, பெற்றோர் போடக்கூடிய எந்தக் கட்டுப்பாட்டையும் அதுவும் போடலாம் என்றது நீதிமன்றம். இந்த ஒரு வாதத்தை வைத்துக்கொண்டு கல்லூரிகள் என்னென்னவோ செய்தன. அமெரிக்கக் கல்லூரிகளில் 1960கள் வரை இரவு இத்தனை மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி பெண்களுக்குத்தான் கடுமையாக இருந்தது, ஆண்களை அநேகமாக யாரும் கேட்கவில்லை. அதையும் ஒழுக்கம் என்றுதான் சொன்னார்கள். பூட்டுப் போட்டு வளர்ப்பதை வழிகாட்டல் என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

பிறகு காலம் மாறியது. பிரிட்டனில் 1970 முதல் வயதுவந்தோர் என்பதற்கான எல்லை 21இலிருந்து 18 ஆனது. அமெரிக்காவில் 1971இல் 18 வயதுக்காரர்களுக்கு வாக்குரிமை வந்தது. மாணவர்கள் பெரியவர்கள் ஆனார்கள், கல்லூரிகள் பெற்றோர் வேடத்தைக் கலைத்தன. நல்லதுதான். ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்தே நடந்தது. ‘நாங்கள் பாடம் நடத்துவோம், தேர்வு வைப்போம், பட்டம் கொடுப்போம், மற்றதெல்லாம் உங்கள் பாடு’ என்று பல நிறுவனங்கள் கையைக் கழுவிவிட்டன. மாணவர்களின் சுதந்திரத்தை மதிக்கிறோம் என்று வாயால் சொன்னார்கள், தலைவலி வேண்டாம் என்பதுதான் உள்ளே ஓடிய எண்ணம். நீங்கள் அந்தக் கூட்டம் இல்லை, உங்களுக்கு உறுத்துகிறது. ஆனால் அன்று மாணவியிடம் நீங்கள் சொன்ன வாக்கியம் அவர்கள் சொல்லும் அதே வாக்கியம்.

பேராசிரியர் எங்கே வாய் மூடவேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோலை ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1917இல் மியூனிக் மாணவர்கள் முன் பேசியபோது சொன்னார். வகுப்பறையில் ஆசிரியர் பேசுகிறார், மாணவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தேர்ச்சி ஆசிரியரின் கையில் இருக்கிறது, எழுந்து எதிர்த்துப் பேசும் நிலையில் அவர் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு தன் அரசியலையும் உலகப் பார்வையையும் திணிப்பது நேர்மை ஆகாது என்றார். இந்த வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ‘பார்த்தீர்களா, அறம் பேசாதே என்று வேபரே சொல்லிவிட்டார்’ என்பவர்கள், அதே உரையின் அடுத்த பகுதியை விட்டுவிடுகிறார்கள். தன் கட்சிக்கு, தன் கருத்துக்கு வசதியில்லாத உண்மைகளை ஏற்றுக்கொள்ள மாணவரைப் பழக்குவதுதான் ஆசிரியரின் முதல் வேலை என்றும், அதைச் செய்பவர் அறிவுப் பணியைத் தாண்டி ஓர் அறப்பணியையும் செய்கிறார் என்றும் வேபர் சொன்னார். அந்த அறப்பணியைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

‘யாருடைய அறம்?’ என்று உங்கள் துறையில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். கருக்கலைப்பு, மரண தண்டனை, போர், மதம் என்று நல்ல மனிதர்களே இரு பக்கமும் நிற்கும் விஷயங்களில் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு முடிவு சொல்லத் தேவையில்லை. 1967இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்வென் குழு ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. விமர்சகர்களுக்கு இடம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை, தானே விமர்சகராவது அதன் வேலை இல்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. ஆனால் பிறர் எழுத்தைத் திருடாதே, எண்ணை இட்டுக்கட்டாதே, எதிராளி சொல்லாததைச் சொன்னதாகக் காட்டாதே, உன் கையில் இருக்கும் அதிகாரத்தை வைத்து ஜூனியரை நசுக்காதே என்பவற்றில் இரண்டு கட்சி கிடையாது. இவற்றிலும் நடுநிலை வகித்தால் பல்கலைக்கழகம் நடத்துவதற்கே அர்த்தமில்லை.

சரி, சுற்றறிக்கைக்கு வருவோம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், மீதி நேரத்தில் உங்கள் துறை என்ன அறம் கற்பிக்கிறது என்று பாருங்கள். எனக்கு இயற்பியல் லேப்தான் நல்ல உதாரணம், ஏனென்றால் அநேகமாக எல்லோரும் ஒரு முறையாவது அதில் நின்றிருப்பார்கள். தனி ஊசல் சோதனை. நூலின் நீளம் ஒரு மீட்டர். ஊசலை ஆட்டிவிட்டு, ஸ்டாப்வாட்சை அழுத்தி, 20 அலைவுகளுக்கு நேரம் எடுக்க வேண்டும். ஒரு பெண் எடுக்கிறார். 41.2 வினாடி வருகிறது. ஓர் அலைவுக்கு 2.06. சூத்திரத்தில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.30 என்று வருகிறது. புத்தகத்தில் 9.8 இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, ‘ரெக்கார்டுல இப்படி எழுதினா திருப்பிக் குடுத்துடுவாங்க’ என்கிறார். அந்தப் பெண் கால்குலேட்டரை எடுத்து, 9.8 வர வேண்டுமானால் நேரம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார். 40.1. அழிப்பான், பென்சில், முடிந்தது. ரெக்கார்டு கையெழுத்தாகிறது, முழு மதிப்பெண். பின்மேசையில் இன்னொருவர் தனக்கு வந்த 9.30ஐ அப்படியே எழுதி, ‘நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் விட்டிருக்கலாம்’ என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். அவருக்கு இரண்டு மதிப்பெண் குறைவு.

அன்று அந்த லேப்பில் யார் என்ன கற்றுக்கொண்டார் என்று யோசித்துப் பாருங்கள். உங்களைத் தேடி வந்த மாணவியின் குழுவில் எண் எழுதியவர் அந்த வித்தையை எங்கே படித்தார் என்று நினைக்கிறீர்கள்? முதலாண்டில் நாமே கையெழுத்துப் போட்டுப் பழக்கிவிட்டு, இறுதியாண்டில் அறநெறி வகுப்பு வைத்தால் அது ஊருக்கு உபதேசம்தான். மாணவர்களுக்கு இதெல்லாம் நன்றாகவே புரியும். அவர்கள் நம் உரைகளைக் கேட்பதைவிட நாம் எதற்கு மதிப்பெண் போடுகிறோம் என்பதைத்தான் உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள். ஒப்படைக்கும் தேதிகளை எல்லாத் துறைகளும் ஒரே வாரத்தில் குவிப்பது, ஆய்வு மாணவர் எழுதிய கட்டுரையில் நெறியாளர் பெயர் காரணமில்லாமல் முதலில் வருவது, முறையிட்ட மாணவர் மீதே கறுப்புப் புள்ளி விழுவது எல்லாம் பாடத்திட்டத்தில் எழுதப்படாத அறநெறி வகுப்புகள்.

தேதிகளைக் குவிப்பதைச் சும்மா சொல்லவில்லை. 1973இல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதை. மற்றவர்களுக்கு வேறு தலைப்பு. போகிற வழியில் ஓர் ஆள் குனிந்து சுருண்டு இருமிக்கொண்டிருப்பார், அவர் சோதனைக்காக உட்கார வைக்கப்பட்டவர். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவ முன்வந்தார்கள். ‘ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். சமாரியன் கதையைச் சொல்லப் போகிறவரா இல்லையா என்பது பெரிய மாற்றம் எதையும் உண்டாக்கவில்லை. மொத்தம் 40 பேர்தான், சின்னச் சோதனை, அதன் மேல் கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும் கால அட்டவணை போடும் ஒவ்வொருவரும் ஒரு முறை படிக்க வேண்டிய சோதனை என்பேன்.

அப்படியானால் அறம் பற்றிய வகுப்பே வீண் என்று சுற்றறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடலாமா? வேண்டாம். கொஞ்ச காலத்துக்கு முன்புவரை நானும் அவநம்பிக்கையாளர்களின் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். அறவியல் கற்பிக்கும் பேராசிரியர்களே மற்றப் பேராசிரியர்களைவிட நல்லவர்களாக நடந்துகொள்வதில்லை என்று எரிக் ஷ்விட்ஸ்கேபெலும் ஜோஷுவா ரஸ்டும் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். படித்துச் சிரித்திருக்கிறேன். ஆனால் அதே ஷ்விட்ஸ்கேபெல் வேறு இருவரோடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு கதையைக் கொஞ்சம் மாற்றுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் தத்துவ வகுப்புகளில் இருந்த 1,332 மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி, விலங்குகளைத் தொழிற்சாலை போல அடைத்து வளர்க்கும் பண்ணைகளின் இறைச்சியைச் சாப்பிடுவதன் அறம் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்துச் சிறு குழுக்களில் விவாதித்தது. மறுபாதி தர்மம் செய்வது பற்றிய கட்டுரையை எடுத்துக்கொண்டது. அப்புறம் ‘நீங்கள் திருந்தினீர்களா?’ என்று அவர்களையே கேட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. வளாக உணவகங்களில் அவர்கள் வாங்கிய பில்களைப் பார்த்தார்கள். இறைச்சி விவாதித்தவர்களிடம் இறைச்சி இருந்த கொள்முதல்கள் 52 சதவீதத்திலிருந்து 45 ஆக இறங்கின. மற்றவர்களிடம் 52 அப்படியே இருந்தது.

இறைச்சி சாப்பிடலாமா கூடாதா என்பதை இங்கே விட்டுவிடுங்கள், அது ஒவ்வொருவர் பாடு. நான் பார்ப்பது அந்த வகுப்பு நடந்த விதத்தை. யாரும் மேடையேறிப் போதிக்கவில்லை. எதிர்வாதத்துக்கு இடம் இருந்தது. தினமும் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றிப் பேசினார்கள், ‘நேர்மை’, ‘தியாகம்’ என்று ஆகாயத்தில் மிதக்கும் சொற்களைப் பற்றி இல்லை. விளைவும் சிறியதுதான். ஒரு மணி நேர வகுப்பிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கிற நிர்வாகம் ஏமாறும்.

ஆகவே அந்த ஒரு மணி நேரத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பொன்மொழி ஸ்லைடுகளைத் தொடாதீர்கள். (இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு நிர்வாகம் அனுப்பும் பவர்பாயின்டில் சூரிய உதயப் படம் ஏன் தவறாமல் வருகிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.) உங்கள் துறையிலிருந்தே சம்பவங்களை எடுங்கள். பொறியியல் மாணவர்கள் என்றால் சாலஞ்சர் விண்ணோடம் போதும். 1986 ஜனவரி 28இல் அது புறப்படுவதற்கு முந்தைய இரவு, உந்திகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இவ்வளவு குளிரில் ரப்பர் வளையங்கள் அடைப்பாக வேலை செய்யாது, ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். தலைமைப் பொறுப்பில் இருந்த ஒரு பொறியாளரிடம் ‘பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்’ என்று சொன்னார்கள். முடிவு மாறியது. மறுநாள் 73 வினாடியில் விண்ணோடம் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். ‘நீங்கள் அந்த அறையில் இளநிலைப் பொறியாளராக உட்கார்ந்திருக்கிறீர்கள். மேலாளர் உங்கள் பக்கம் திரும்புகிறார். என்ன சொல்வீர்கள், எந்த வார்த்தைகளில் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். வார்த்தைகளோடு சொல்ல வையுங்கள். ‘எதிர்ப்பேன்’ என்று எல்லோரும் சொல்வார்கள். சம்பளம் கொடுப்பவரைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம், அதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

இன்னொரு வாரத்துக்கு இது இருக்கட்டும். படிவத்தின் கீழே வாங்கும் கையெழுத்தைத் தலைப்பிலேயே வாங்கிவிட்டால் மக்கள் பொய் எழுதுவது குறையும் என்று 2012இல் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பின்னாளில் அதிலிருந்த ஒரு சோதனையின் தரவு இட்டுக்கட்டியது என்று தெரியவந்து, 2021இல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வில் பொய் எண்கள்! அதைப் பார்த்து முதல் நாளே முகம் சுளித்த சக ஆய்வாளர் ஒருவர் இருந்திருந்தால் அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் மாணவியின் விஷயத்தை வகுப்பில் தொடாமலே அதே கேள்வியைப் பேசிவிடலாம். அவர் அந்த வகுப்பில் இருந்தால் மட்டும் இந்த உதாரணத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள், எல்லோரும் தன்னைப் பார்ப்பது போல அவருக்குத் தோன்றும்.

காப்பியடிப்பதைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். டொனால்ட் மெக்கேபும் லிண்டா ட்ரெவினோவும் 1990களில் அமெரிக்கக் கல்லூரிகளில் விரிவாக ஆய்ந்தார்கள். மாணவர்களே காக்கும் நேர்மை உறுதிமொழி வழக்கத்தில் இருந்த வளாகங்களில் காப்பி குறைவாக இருந்தது. ஆனால் ஒரு மாணவரின் நடத்தையோடு மிக நெருக்கமாக ஒட்டி வந்தது, தன் சகாக்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர் நினைத்தார் என்பதுதான். ‘எல்லோரும்தான் அடிக்கிறார்கள்’ என்ற எண்ணம் இருக்கும்வரை சுவரில் ஒட்டும் எந்த அட்டையும் வேலை செய்யாது. உறுதிமொழியை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டுத் தேர்வறையில் கண்ணை மூடிக்கொண்டால் அந்த எண்ணம் இன்னும் வலுக்கும்.

சாட்ஜிபிடி விஷயமும் இங்கேதான் வரும். ஓர் ஆசிரியர் பயன்படுத்தலாம் என்கிறார், அடுத்த வகுப்பில் இன்னொருவர் அதையே திருட்டு என்கிறார், மூன்றாமவர் வாயே திறப்பதில்லை. விதியே தெரியாதபோது மீறினான் என்று எப்படித் தண்டிப்பது? உங்கள் துறைக்காவது ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

நிர்வாகத்தைப் பார்க்கப் போகும்போது ‘இந்த வகுப்பை நடத்துகிறேன், ஆனால்…’ என்று தொடங்குங்கள். அறநெறி வகுப்புக்கு மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். மதிப்பெண் வந்தால் மாணவர்கள் உங்களுக்குப் பிடித்ததை எழுதிக் கொடுப்பார்கள், பொய் சொல்வதற்கு இன்னொரு பயிற்சி அது. வருகைப் பதிவு வேண்டுமானால் இருக்கட்டும். அப்புறம் முதலாண்டு லேப் ரெக்கார்டில் ‘சரியான விடை’க்குப் போடும் மதிப்பெண்ணைக் குறைத்து, பிழை எங்கே வந்திருக்கலாம் என்று எழுதுவதற்கு அதை மாற்றக் கேளுங்கள். இதற்கு உங்கள் துறைக்குள்ளேயே முனகல் எழும். இருபது வருடமாக ஒரே ரெக்கார்டைத் திருத்திப் பழகியவர்களுக்கு ஒவ்வொருவர் நோட்டிலும் ஒவ்வொரு எண் இருந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். தரவு மோசடி பற்றி முறையிட வரும் மாணவர் யாரைப் பார்ப்பது, எத்தனை நாளில் பதில் கிடைக்கும், முறையிட்டதற்காக அவருடைய இன்டர்னல் மதிப்பெண்ணில் யாரும் கை வைக்காமல் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இப்போது உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த இடத்தில் யாராவது இருந்திருந்தால், மாணவி உங்களைத் தேடி அலைந்திருக்க மாட்டார்.

வகுப்பை ஒப்புக்கொண்டதற்கு உடனே ‘நன்றி’ வரும். மற்றக் கோரிக்கைகளுக்குப் பெரும்பாலும் ‘பார்க்கலாம்’ என்றுதான் பதில் வரும். அப்போது லேப் ரெக்கார்டை மட்டும் விடாதீர்கள். அதற்குப் பதிவாளரின் அனுமதி தேவைப்படாது, துறைக் கூட்டத்திலேயே முடித்துவிடலாம். அடுத்த பருவத்துக்கான மதிப்பெண் திட்டம் அச்சுக்குப் போவதற்கு முன் அந்தக் கூட்டத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.